போசனுக்கு யார் என்ன கொடுத்தது

ஜூலை 2

டெரன்ஸின் குரல் இன்று தெளிவாகக் கேட்டது. அவன் வேலை பார்க்கும் கப்பல் ஏதோ துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறதாம். பேசியதில் பாதி போசனைப் பற்றி.

"அவனைக் கேமராவுல காட்டு. என்ன, முடியெல்லாம் மங்கிக் கெடக்கு? வாய் இன்னும் நாறுதா?"

நாறுகிறது என்றேன்.

"எங்க குக் வீட்ல மூணு நாய் வளர்க்கான். சாப்பாட்டுல கடல்பாசி கலந்து குடுப்பானாம். பல்லுல காரை பிடிக்காதாம், முடி மின்னுமாம். பாரேன்."

பார்க்கிறேன் என்றேன். அக்டோபரில் வருகிறான். அதற்குள் நாய் மின்ன வேண்டும்.

கப்பலில் மேல்தளத்து ஆட்களை மேய்க்கும் மேஸ்திரிக்குப் போசன் என்று பெயர். எங்கள் போசன் யாரையும் மேய்த்ததில்லை. பழுப்பு லேப்ரடார், வயது ஏழு. எனக்கு முன்பே இந்த வீட்டுக்கு வந்தவன்; அந்த மூப்பு அவன் நடையில் தெரியும்.

என்னிடம் பேசி முடித்ததும் டெரன்ஸ் அவன் அம்மாவை அழைப்பான். எப்போதும் தனியாக. பின்பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை.

ஜூலை 5

மெய்ப்புப் பார்க்க வந்த பாடப்புத்தகத்தில் "வீட்டின் பகுதிகள்" என்று ஒரு படம். ஒரே ஒரு சமையலறைதான் வரைந்திருந்தார்கள். இந்த வீட்டில் இரண்டு.

நான் திருநெல்வேலி. எங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைத்ததில்லை. தூத்துக்குடியில் மீன் இல்லாமல் அடுப்புப் பற்றவைக்காத வீட்டுக்குள் கல்யாணமாகி வந்த அதே வாரம், டெரன்ஸின் அம்மா முன்பக்கத்துச் சாமான் அறையைக் காலி செய்து, மேடை கட்டி, அடுப்பு வாங்கி வைத்துவிட்டார்கள். "மீன் வாசத்துல நீ கஷ்டப்படக் கூடாதுல்லா" என்றார்கள். இதைவிடப் பெருந்தன்மையாக யாரும் நடந்திருக்க முடியாது. அன்றிலிருந்து நான் பின்பக்கத்து அடுப்படிக்குள் போனதில்லை. அவர்கள் என்னுடையதற்குள் வந்ததில்லை. கருவாடு பொரிக்கும் நாட்களில் நடுக் கதவைச் சாத்திவிடுவார்கள். நானும் அந்தக் கதவைத் திறப்பதில்லை.

ஓராண்டாக அவர்களை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே மாமி. எங்கள் பக்கம் அத்தை. இரண்டுக்கும் நடுவில் "வந்து...", "பாருங்களேன்" என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு அடுப்படியிலும் தாராளமாகப் போய்வருகிறவன் போசன் ஒருவன்தான். காலையில் என்னிடம் கடையில் வாங்கும் நாய் உணவு. மாலையில் அவர்களிடம் மீன் சோறு.

ஜூலை 9

பாசிப் பொடி வந்துவிட்டது. இதற்காக நான் படித்த அளவுக்குக் கல்லூரியில் எந்தப் பாடத்துக்கும் படிக்கவில்லை. எல்லாக் கட்டுரைகளும் சுற்றிச் சுற்றி அயோடினில் வந்து நின்றன. கொஞ்சம் வேண்டும், கூடினால் தைராய்டைக் கெடுக்கும். பொட்டலத்தில் அயோடின் அளவு அச்சிடாத இரண்டை வேண்டாமென்று விட்டேன். இது அச்சிட்டது. முதல் வாரம் ஒரு சிட்டிகை. பிறகு எடைக்கு உரிய அளவு, கால் தேக்கரண்டி, அதற்கு மேல் இல்லை.

பின்பக்கத்தில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

ஜூலை 13

வேம்பாரிலிருந்து டெரன்ஸ் அம்மாவின் தங்கை ஒரு சாக்கு மூட்டை கொடுத்தனுப்பியிருந்தார்கள். கொல்லைக் குழாயடியில் ஒரு வட்டையில் கருப்பாக எதையோ ஊறப் போட்டிருந்தார்கள். நீர் வற்றிய கடற்கரையின் வாடை. ஏதோ மீன் சமாசாரம் என்று நினைத்து, துணியைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜூலை 20

போசனின் முதுகு வெயிலில் நிஜமாகவே மின்னுகிறது. வாசலில் அவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி மின்னுதான் பாத்தியா?"

"ஆமா" என்றேன்.

இருவரும் சிரித்தோம். அவர்கள் என்னைவிடப் பெருமையாகச் சிரித்ததுபோல் இருந்தது. அந்தப் பெருமை எனக்குச் சேர வேண்டியது என்று ஒரு சின்ன அற்பமான எண்ணம் வந்தது. எழுதிவிட்டால் போய்விடும்.

ஜூலை 26

மாதா கோவிலில் கொடியேற்றம். வேட்டுச் சத்தத்தில் போசன் கட்டிலுக்கு அடியில் கிடந்தான். வெளியே வந்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தான். பயத்தில் நாக்கு வறண்டிருக்கும்.

ஜூலை 28

வேட்டு இல்லாத நாள். இன்றும் அதே தாகம். கூடத்தில் இரண்டு முறை சிறுநீர் போய்விட்டான். குட்டியாக இருந்தபோதுகூட அப்படிச் செய்ததில்லையாம். நான் துடைக்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஜூலை 29

காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுத்தான். வீட்டிலேயே நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பியூலாவிடம் ஆட்டோவில் கூட்டிப்போனேன்.

"புதுசா ஏதாவது குடுக்கிறீங்களா?"

பொட்டலத்தையே கொண்டுபோயிருந்தேன். திருப்பிப் பார்த்தார். "அளவு போட்டிருக்கு. நீங்க குடுக்கிறதும் சரியான அளவுதான். இவ்வளவு தாகம் இதனால வரக்கூடாது. இருந்தாலும் நிறுத்திருங்க. வேற என்ன சாப்பிடுறான்?"

"சாயங்காலம் மீன் சோறு. வீட்ல அவங்க குடுப்பாங்க."

"உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமத்தானே? வேற எதுவும் கலக்கிறது இல்லையே?"

"இல்லை" என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மருந்து கொடுத்திருக்கிறார். இரண்டு நாளில் குறையாவிட்டால் ரத்தம் எடுக்க வேண்டும்.

ஜூலை 31

பொடியை நிறுத்தியும் தாகம் குறையவில்லை.

ஆகஸ்ட் 1

டெரன்ஸ் அழைத்தான். "எங்க அவன்?"

"தூங்குறான்."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கா? என் குரல் கேட்டா எந்திரிப்பானே. காதுல வை."

வைத்தேன். டெரன்ஸ் கப்பலில் விசில் அடிக்கிறான், இங்கே வால் நுனி மட்டும் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. "வெயில்ல சோர்ந்துட்டான்" என்று சொன்னேன். என் குரல் மிக இயல்பாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இணைப்பு அறுந்த பிறகு அவர்கள் நடுக் கதவருகில் வந்து நின்றார்கள். நிலைப்படியைத் தாண்டவில்லை.

"அவன் மெலிஞ்சுட்டே போறான் மதி. சத்து பத்தல. ஊசியும் மாத்திரையும் போட்டா வயித்துல என்ன இருக்கும்? நான் பாத்துக்கிடுதேன், நீ கவலைப்படாத."

நான் சரியாகக் கவனிக்கவில்லை என்கிறார்கள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மெய்ப்பை எடுத்துக்கொண்டேன். ஒரே பத்தியை நான்கு முறை படித்தேன்.

ஆகஸ்ட் 3

ரத்தம் எடுத்தாயிற்று. ஐந்தாம் தேதி திருவிழா விடுமுறை என்பதால் ஆறாம் தேதிதான் முடிவு வருமாம். மூக்கும் கண்ணும் ஒழுகுகின்றன. தோளைத் தொட்டால் கையோடு முடி வருகிறது. இரண்டு வாரத்துக்கு முன்பு மின்னியது இதே தோள்தான்.

டாக்டர் சிறுநீரகம் என்ற சொல்லை ஒருமுறை சொன்னார், பிறகு "முதல்ல ரிப்போர்ட் வரட்டும்" என்றார். அந்தச் சொல் வீடு வரைக்கும் கூட வந்தது.

எதையாவது படிக்கலாம் என்று அலமாரிக்கு முன்னால் நின்றேன். கப்பலில் போனவர்கள் எழுதியது, காத்திருந்தவர்கள் எழுதியது, எல்லாம் இருக்கின்றன. ஒருவர்கூட நாயைப் பற்றி எழுதவில்லை.

டெரன்ஸுக்குச் சொல்லவில்லை. நடுக்கடலில் இருப்பவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது நல்ல காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது.

ஆகஸ்ட் 5, மதியம், டாக்டர் வீட்டு முன்னறை

உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்று மாதா பவனி. அவர்கள் விடியும் முன்பே பூசைக்குக் கிளம்பினார்கள். போகிற அவசரத்தில் மாலைக்கான சோற்றைக் காலையிலேயே போசனுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். தட்டு உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு நான் குளித்துவிட்டு வந்தபோது அவன் கூடத்தின் நடுவில் முதுகை வளைத்துக்கொண்டு நின்றான். வயிறு உள்ளே இழுத்து இழுத்து அடித்தது, ஒன்றும் வரவில்லை. கால்கள் நடுங்கின. நான் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பெரிய உலுக்கலில் வந்தது.

சோறு. அதற்குள் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டி. கரும்பச்சை. வழவழவென்று, நூல் நூலாக.

பொடி அல்ல. நான் ஒரு வாரமாகப் பொடியைத் தொடவே இல்லை.

அதை ஒரு கவரில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். ஆட்டோக்காரர்கள் எல்லோரும் கோவில் பக்கம் வர மாட்டோம் என்றார்கள். ஒருவர் மட்டும் துறைமுகச் சாலையைச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். "கடிக்குமா மேடம்?" என்று கேட்டார். தலையை என் மடியில் வைத்துக் கிடந்தவனைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பிறகு அவராகவே வேகத்தைக் கூட்டினார்.

டாக்டர் பியூலா கட்டியைத் தட்டில் போட்டு, இடுக்கியால் விரித்தார். அது விரிந்துகொண்டே போனது.

"பாசி. முழுப் பாசி. காய்ஞ்சதை அப்படியே முழுங்கியிருக்கான். உள்ள போய்த் தண்ணியை இழுத்து ஊதியிருக்கு. கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"இல்லை."

"அப்ப யார் குடுத்தா?"

எனக்குக் கொல்லைக் குழாயடியில் பார்த்த அந்த வட்டை நினைவுக்கு வந்தது. அதன் வாடையும்.

"உள்ள இன்னும் இருந்தா குடலை அடைக்கும். ஆபரேஷன் வரைக்கும் போகலாம். கரையில பொறுக்கினதுன்னா உப்பு வேற. எவ்வளவு நாளா, எவ்வளவு குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியணும். இப்பவே கேளுங்க."

போனை எடுத்தேன். மறுமுனையில் மேளமும் ஜெபமாலையும் ஆயிரம் பேர் குரலும். "யாரு? கேக்கல, யாரு?" என்கிறார்கள். நான் கத்தினேன். "அத்தை! அத்தை, நான் மதி! போசன்! டாக்டர் வீட்டுக்கு வாங்க!"

அறையிலிருந்த பூனைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனில் ஒரு நொடி மேளம் மட்டும் கேட்டது. பிறகு, "வாரேன்" என்றார்கள்.

இன்னும் வரவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்துதான் வர வேண்டும்.

ஆகஸ்ட் 5, மாலை

பட்டுச்சேலையோடு, செருப்பில்லாமல் வந்தார்கள். மாதா பவனிக்கு வெறுங்காலோடு போவது அவர்கள் வழக்கம். தார் ரோட்டு வெயிலில் பாதம் சிவந்து கிடந்தது. நேரே தட்டைப் பார்த்தார்கள்.

"இது நான் போட்டதுல்லா" என்றார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே.

டாக்டர் நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை.

"என் புள்ளதான் போன்ல சொன்னான், பாசி குடுத்தா முடி மின்னும், வாய் நாறாதுன்னு. கடையில எதுக்கு வாங்கணும், எங்க ஊர்க் கரையில கெடக்குல்லா? வேம்பார்ல ஆடெல்லாம் அதைத் தின்னுட்டுத்தான் கொழுகொழுன்னு அலையுது. தங்கச்சிகிட்டச் சொல்லி வரவழைச்சேன். தினமும் ஊறப்போட்டு, அலசி, நறுக்கி, சோத்துல பெசஞ்சு வப்பேன். இவன் சோர்ந்து போனதும் கூடக் கொஞ்சம் போட்டேன். இன்னிக்கு ஊறப்போட நேரமில்ல..."

"கூடன்னா?"

கையைக் குவித்துக் காட்டினார்கள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அதுக்கு மேல உங்க பொடி."

"என்ன பொடி?" என்றார்கள் அத்தை.

"பாசிப் பொடி" என்றேன். "காலையில நான் போட்டுட்டு இருந்தேன். டெரன்ஸ் சொன்னான்."

"நீயுமா?"

"நீங்களுமா?"

"எங்கிட்டச் சொல்லலியே மதி!"

"நீங்களும் எங்கிட்ட..."

போசன் மேசையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். ஊசி செருக ஒரு முன்னங்காலில் முடியை வழித்திருந்தார்கள். அந்த இடம் எலிக்குஞ்சு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. அத்தை அதைத் தன் முந்தானையால் மூடினார்கள். டாக்டர் மெல்ல விலக்கினார்.

"பாசி விஷம் இல்லம்மா" என்றார் டாக்டர். "அளவு தெரிஞ்ச பாசி வேற, தெரியாத பாசி வேற. ஒவ்வொரு பாசியிலயும் ஒவ்வொரு அளவு அயோடின். கரையில கெடக்கறதுல எவ்வளவுன்னு எனக்கே சொல்லத் தெரியாது. கடைச் சாப்பாட்டுலயே அவனுக்கு வேண்டியது இருக்கு. அதுக்கு மேல இவங்க பொடி. அதுக்கு மேல தினமும் உங்க பாசி. தைராய்டு எப்படித் தாங்கும்? உப்புல சிறுநீரகமும் சேர்ந்து திணறுது."

"பொழைச்சிருவானா?"

"உப்பை ஒரேயடியா இறக்கக்கூடாது. ட்ரிப்ஸ்ல மெல்லத்தான் இறக்கணும். மிச்சப் பாசி வெளிய வரணும். நாளைக்குச் சொல்றேன்."

போசனை டாக்டர் வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் அத்தை சொன்னார்கள்: "என் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

நான் இத்தனை நாள் எழுதாமல் விட்ட இன்னொரு காரணம் அதுதான். அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 6

ரிப்போர்ட்: உப்பு மிக அதிகம். சிறுநீரக அளவு எல்லைக்கு மேல். தைராய்டு சுரப்பு எல்லைக்கு வெகு கீழே. எக்ஸ்ரேயில் குடலின் ஒரு இடத்தில் நிழல். அடைப்பாக இருந்தால் நாளைக் காலை ஆபரேஷன். இந்தச் சிறுநீரகத்தோடு மயக்கம் கொடுப்பது ஆபத்து என்றும் டாக்டரே சொன்னார்.

மதியம் எனக்குச் சமைக்கத் தோன்றவில்லை. நடுக் கதவு தட்டும் சத்தம். ஒரு தட்டில் ரசம் சோறும் அப்பளமும் வைத்திருந்தார்கள். "புதுச் சட்டியில வச்சது. மீன் படல" என்றார்கள். அந்தச் சட்டியை எனக்காகவே என்றைக்கோ வாங்கி வைத்திருந்தார்களாம். ஒருநாள் கேட்பேன் என்று ஓராண்டாகக் காத்திருந்திருக்கிறது.

"உள்ள வாங்க அத்தை" என்றேன்.

"இங்கல்லாம் மாமிம்போம்" என்றார்கள். உள்ளே வந்து, என் மேடையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். "அத்தைன்னாலும் நல்லாத்தான் இருக்கு. சாப்பிடு."

ஆகஸ்ட் 7

வெளியே வந்துவிட்டது. பச்சை பச்சையாக, நூல் நூலாக. டாக்டர் வீட்டுக் கொல்லையில் பட்டதாரி மருமகளும் அமலோற்பவம் என்கிற மாமியாரும் குனிந்து நின்று நாய்ப் பீயைப் பரவசத்தோடு பார்த்தோம். "மாதாவே, மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஆபரேஷன் வேண்டாம்.

சிறுநீரகம் மட்டும் இன்னும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 12

வீட்டுக்கு வந்தான். வாசலில் இறக்கிவிட்டதும் பின்பக்கம் போவதா முன்பக்கம் போவதா என்று யோசித்து, நடுக் கதவில் படுத்துக்கொண்டான். கதவைச் சாத்த முடியவில்லை.

பாசி எந்த உருவத்திலும் கூடாது. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம். அயோடின் நின்றால் தைராய்டு தானாகவே மீளக்கூடும், மீளாவிட்டால் ஆயுளுக்கும் மாத்திரை. வாய் நாற்றத்துக்கு நாய்களுக்கான பற்பசையும் பிரஷ்ஷும். "இவ்வளவுதானா? இதை அந்த குக்கு சொல்லலியா?" என்றார்கள் அத்தை.

வேம்பார் மூட்டையை நாங்கள் இருவருமாக இழுத்துப்போய்த் தென்னைக்குழியில் கொட்டி மண் போட்டோம். என் பொட்டலத்தையும் அதிலேயே கொட்டினேன். அளவு அச்சிட்டது என்று மனம் ஒரு கணம் வாதாடியது.

ஆகஸ்ட் 17

டெரன்ஸ் என்னை அழைத்தான். "ஒரு நிமிஷம்" என்று சொல்லி அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டேன். திரையில் இரண்டு முகங்களைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். வெயில்ல சோர்ந்துட்டான் என்று நான் சொன்னது பொய் என்பதையும்.

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?" என்றான்.

"நீ எங்ககிட்ட மறைச்சியே" என்றார்கள் அத்தை. "அவகிட்டயும் சொன்னேன்னு எங்கிட்டச் சொன்னியால? எங்கிட்டச் சொன்னேன்னு அவகிட்டச் சொன்னியா? நடுவுல இருக்கவன் நீதான். வா, அக்டோபர்ல வா. ரெண்டு அடுப்புலயும் உனக்குப் பாசிதான்."

அவன் சிரிக்க முயன்றான். கண் கலங்கியிருந்தது. போசனின் காதில் போனை வைத்தேன். விசில் அடித்தான். போசன் எழுந்து உட்கார்ந்து, போனுக்குப் பின்னால் போய்த் தேடினான்.

செப்டம்பர் 4

நாய் பல் துலக்குவது இரண்டு ஆள் வேலை. அத்தை தாடையைப் பிடிக்க, நான் துலக்குகிறேன். "உன் புருசனும் சின்னதுல இப்படித்தான், வாயைத் தொறக்க மாட்டான்" என்றார்கள். "இப்பவும்தான்" என்றேன். பிடியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். போசன் பற்பசையோடு தப்பி ஓடினான்.

செப்டம்பர் 23

ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். முன்னறையில் அதே நாற்காலிகள். அத்தை ஜெபமாலையை உருட்டினார்கள். நான் ஒரு புத்தகம் வைத்திருந்தேன், பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் காகிதத்தோடு வந்தார். "சிறுநீரகம் சரியாயிருச்சு." பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "தைராய்டு ஏறிட்டு வருது. முழுசா வரலை. ஆனா ஏறுது. மாத்திரை இப்ப வேண்டாம். இன்னொரு தடவை பார்ப்போம்."

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. எப்போது பிடித்தார்கள் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 29

போசனின் தட்டு இப்போது நடுக் கதவின் நிலைப்படியில். இரண்டு அடுப்படியிலிருந்தும் தெரியும். எதைப் போட்டாலும் குரல் கொடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். ஒரு துண்டு பிஸ்கட் என்றாலும்.

இன்று மாலை மெய்ப்பில் இருந்தேன். பின்பக்கத்திலிருந்து குரல்.

"மதி, நான் இன்னும் ஒண்ணும் குடுக்கல!"

"நானும் இல்ல அத்தை!"

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த போசன் அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரைத்தான். நோய் வந்த பிறகு அவன் குரைத்தது இன்றுதான்.

சற்று நேரத்தில் மறுபடி குரல். இந்த முறை கொஞ்சம் தாழ்ந்து.

"ரெண்டு சாளை மட்டும் வைக்கட்டா? உப்பு போடாம அவிச்சது. முள்ளெல்லாம் எடுத்துட்டேன். வேணும்னா வந்து பாத்துக்க."

எழுந்து, நிலைப்படியைத் தாண்டிப் பின்பக்கத்து அடுப்படிக்குள் போனேன். அடுப்பிலிருந்து மீன் வாசம் வந்தது. அத்தை சட்டென்று ஜன்னலைத் திறக்கப் போனார்கள்.

"இருக்கட்டும் அத்தை" என்றேன். ஒரு சாளையைக் கையில் வாங்கி, விரலால் தடவி, முள் இருக்கிறதா என்று பார்த்தேன்.